ஐம்பத்தோராவது நிமிடம்

நீ எழுந்து போனது ஐம்பத்தோராவது நிமிடத்தில்.
உன் ஜாக்கெட் சிப்பின் சத்தத்தில்
எனக்கு ஒரு வசனம் போய்விட்டது.
"ஒண்டும் நடக்கேல்லை, சும்மா கத்திக்கொண்டிருக்குதுகள்"
என்று கோட்-தே-நேஜ் பஸ் தரிப்பில் நின்று எழுதி அனுப்பினாய்.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
உள்ளே, என்னையும் சேர்த்து, ஒன்பது பேர்.

சரி, ஒத்துக்கொள்ள வேண்டியதை முதலில் ஒத்துக்கொள்கிறேன்.
வயலின் அளவுக்கு மிஞ்சித்தான் அழுகிறது.
அந்த ரபி அட்டையில் வெட்டி ஒட்டிய ஆள்,
வாயைத் திறந்தால் பொன்மொழி.
கடைசியில் விழுகிற பனியை
மொன்றியலில் ஒரு குளிர்காலம் இருந்தவர்கூட நம்பமாட்டார்.
அது சவர்க்கார நுரை.

ஆனால் ஃப்ரூமா வெங்காயம் நறுக்குகிற இடம்!

தாய் செத்த வீடு. இரண்டாம் நாள்.
கண்ணாடிகளுக்கெல்லாம் வெள்ளைத் துணி.
ஏழு நாள் தாழ்ந்த முக்காலியில் இருந்து துக்கம் காக்கவேண்டும்,
அயலவர் கொண்டுவருவதைச் சாப்பிடவேண்டும்.
அவளோ அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு
நறுக்குகிறாள்.
பதினொரு வருஷம் அரைத்து, கரைத்து, ஊட்டிய கை
சும்மா இருக்கத் தெரியாமல்
நறுக்குகிறது.
கமரா அசையவில்லை. நாலு நிமிடம்.
ஒரு வெங்காயத்தைக்கூட அவள் சமைக்கவில்லை.
நீ ஒண்டும் நடக்கேல்லை என்கிறாய்.

கத்துகிறார்கள்தான்.
அந்த வீட்டுக்குச் சத்தம்தான் ஹீட்டர்.
அது நிற்கிற இடத்தை நீ பார்க்கவில்லை.

ஆறாம் நாள் தம்பி வருகிறான், செலிக்,
வின்னிபெக்கிலிருந்து.
சவ அடக்கத்துக்கு வராதவன்
கையில் கேக் பெட்டி,
பாதி விலை ஸ்டிக்கர்கூடக் கிழிக்காமல்.
அந்த நிமிடத்தில் வீடு விறைக்கிறது.

தாய் கடைசியாகச் சொன்னது அவன் பெயரை.
பக்கத்தில் இருந்தவள் ஃப்ரூமா மட்டும்.
சொல்ல வாய் திறக்கிறாள்.
"டீக்கு எலுமிச்சை போடவா?" என்று கேட்கிறாள்.
அவ்வளவுதான்.
மிச்சப் படம் முழுக்க அந்த ஒரு சொல்லை
பல்லுக்கு அடியில் வைத்துக்கொண்டு
கோப்பை கழுவுகிறாள், துணி மடிக்கிறாள்,
அவனுக்குக் கேக்கின் ஓரத் துண்டை வெட்டிக் கொடுக்கிறாள்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்களே,
இதில் அணைக்கவில்லை.
ஒருவரும் ஒருவர் காலிலும் விழவில்லை.
தாயும் பிள்ளையும் ஆனாலும்
வாயும் வயிறும் வேறு என்பதை
இத்தனை பச்சையாக எடுத்துவிட்டு
மன்னிப்பும் கேட்காத படம் இது.
பத்திரிகைக்காரன் இரண்டு நட்சத்திரம் போட்டான்.
அவனுக்கு அக்கா இல்லைப் போல.

மூன்றாம் வரிசையில் திருமதி அப்ரமோவிச்சி இருந்தார்,
எங்கள் பல் கிளினிக்குக்கு வருகிறவர்.
படம் முடிய விரலை மடக்கி எண்ணினார்:
"முக்காலி தப்பு. பிரார்த்தனை தப்பு.
தலைப்பாத்திரம் எந்தக் கடையில் வாங்கினார்களோ, ஹெர்ஷல் மாமா மகா தப்பு.
வெங்காயம் சரி."

பிறகு ஸ்னோடன் மெட்ரோவில் கேட்டார்:
"அவள் சொல்லியிருக்கவேண்டும், இல்லையா?"
இல்லை என்றேன் நான்.
பதினொரு வருஷத்துக்கு அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த
ஒரே சொத்து அது, அதையுமா கொடுப்பாள்?
அவர் கைத்தடியால் நிலத்தைத் தட்டினார்.
சண்டை பிடித்ததில் இரண்டு ரயில் போய்விட்டது.

நான் வந்தபோது நீ சோபாவில் படுத்திருந்தாய்,
சப்பாத்துகூடக் கழற்றாமல்.
ஆறு வருஷத்துக்குப் பிறகு, நாலு நாளுக்கு வந்திருக்கிறாய்.
வெள்ளி காலை கல்கரி விமானம்.

வியாழனோடு படத்தைத் தூக்குகிறார்கள்.
அன்றைக்கு ஏழு மணிக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன்.
ஜாக்கெட்டை முதலே கழற்றிவிட்டு இரு.
முடிந்த பிறகு எதிர்க் கடையில் டீ குடிப்போம்.
நான் உன்னிடம் ஒன்று கேட்பேன்,
சீனி எத்தனை என்று.